அழைத்தால் வருபவன்

தொலைக்காட்சித் தொடர்களைத் திறனாய்வு செய்வது நம் இதழ்களில் பெருவழக்கு அன்று. நாவலையும் நாடகத்தையும் கவிதையையும் நிறுத்துப் பார்க்கும் நாம், வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் ஓடும் கதைகளைக் குறித்துப் 'பார்க்கலாம்', 'பார்க்கக் கூடாது' என்னும் இரண்டு தீர்ப்புகளோடு நின்றுவிடுகிறோம். சிறுவர் பார்க்கும் தொடர் என்றால் அந்த இரண்டு சொற்கள்கூட மிகுதி என்பது நம் எண்ணம். எனினும், ஒரு தலைமுறையின் மனத்தில் ஒரு கதை ஆழப் பதிந்துவிட்டது என்றால், அது தரமுள்ளதோ தரமற்றதோ, அதனை எடுத்து வைத்துப் பார்க்கும் கடமை திறனாய்வுக்கு உண்டு.

தூர்தர்ஷனில் 1997 செப்டம்பர் முதல் 2005 மார்ச் வரை ஒளிபரப்பான 'சக்திமான்' அத்தகைய கதை. அதனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இன்று தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அத்தொடரைப் பற்றி அன்று பெரியவர்கள் வழங்கிய தீர்ப்பு சரியானதுதானா என்று கேட்க இப்போதாவது காலம் கனிந்திருக்கிறது. அத்தீர்ப்பை வழங்கியவர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம். ஆகவே இக்கேள்வி நமக்கு வெறும் ஆராய்ச்சி அன்று.

ஞாயிறு நண்பகல்

இன்றைய சிறுசேரியைக் காண்போருக்கு அன்றைய சிறுசேரியை விளக்குவது கடினம். தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்கள் எழாத காலம் அது. பழைய மாமல்லபுரம் சாலை ஒடுங்கிக் கிடந்தது. ஏரியும், வயலும், சவுக்குத் தோப்பும், மாலையில் கடற்காற்றும் இருந்தன. கேபிள் இணைப்பு எட்டாத வீடுகளில், ஓட்டுக்கு மேல் நட்ட ஆண்டெனாவைச் சென்னைத் திசை நோக்கித் திருப்பிவைத்துப் படம் பிடித்தோம். ஒருவர் மேலே ஏறித் திருப்ப, ஒருவர் உள்ளிருந்து "வந்துடுச்சு, வந்துடுச்சு, அப்படியே விடு" என்று கூவுவது அன்றாடக் காட்சி.

தொடக்கத்தில் வேறு கிழமைகளில் வந்த 'சக்திமான்' பின்னர் ஞாயிறு நண்பகலுக்கு மாறியது. திருப்பலியும் மறைக்கல்வி வகுப்பும் முடிந்து வீடு திரும்பும் பிள்ளைகள் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்வார்கள். அந்நேரம் பார்த்து மின்சாரம் நின்றுவிட்டால் டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு இணைத்த வீட்டையும் நாம் கண்டிருக்கிறோம். அந்த வீட்டுத் திண்ணை வரை பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். நாயகன் உடுத்தியது கருஞ்சிவப்பு உடை என்பதை அவர்கள் கடையில் விற்ற ஒட்டுப்படங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பெட்டியில் அவன் சாம்பல் நிறத்தவனாகவே சுழன்றான்.

இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அத்தொடர் இந்தியில் வந்தது. வடமொழி கலந்த அந்த இந்தியில் நாயகன் பேசிய அறவுரைகளில் நம் பிள்ளைகளுக்கு நாலைந்து சொற்களுக்கு மேல் விளங்கியிராது. கதையின் நீதிப்பகுதி அவர்களுடைய காதோடு கடந்து போயிற்று. கண்ணுக்கு வந்து சேர்ந்தவை மூன்று: ஒருவர் ஆபத்தில் இருக்கிறார், கை நீட்டிச் சுழன்றபடி ஒருவன் வருகிறான், ஆபத்து நீங்குகிறது. வடநாட்டுச் சிறுவர் பெற்றது கதையும் கருத்துமாக என்றால், நம் சிறுவர் பெற்றது கதையின் எலும்புக்கூட்டை மட்டும். ஒரு கதையின் உண்மையான போதனை அதன் வசனத்தில் இருக்கிறதா, எலும்புக்கூட்டில் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு அமைவது அரிது.

இரண்டு முகங்கள்

முகேஷ் கன்னா தயாரித்து நடித்த தொடர் அது. இயக்கியவர் தினகர் ஜானி. யோகத்தாலும் வேள்வியாலும் ஐம்பூதங்களின் ஆற்றலைப் பெற்ற ஒருவன் தீமையை எதிர்த்து நிற்கிறான். மக்களிடையே வாழும்போது அவன் பெயர் கங்காதர். மூக்குக் கண்ணாடி, துருத்திய பல், நீண்டதொரு பெயர், செய்தித்தாள் அலுவலகத்தில் புகைப்படம் எடுக்கும் வேலை. அதே அலுவலகத்தில் பணியாற்றும் கீதா என்னும் செய்தியாளர், கங்காதரைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார். சக்திமானைப் பார்த்து வியந்து நிற்கிறார். கீதாவாக முதலில் கிட்டு கித்வானியும் பின்னர் வைஷ்ணவியும் நடித்தார்கள். இருளே நிலைக்க வேண்டும் என்று முழங்கும் கில்விஷ் எதிர்நாயகன். ஆற்றல் வெறிபிடித்த அறிவியலாளரான ஜாக்கால் அவனுடைய கருவி.

கதைக்கட்டு அமெரிக்கச் சூப்பர்மேனின் கதைக்கட்டே என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை. செய்தித்தாள் அலுவலகமும், கண்ணாடி அணிந்த கோமாளித்தனமான ஊழியனும், அவனை இகழ்ந்து மறுமுகத்தை விரும்பும் பெண் செய்தியாளரும் அங்கிருந்து வந்தவை. ஆனால் வேற்றுக் கோளிலிருந்து வந்த ஆற்றலுக்குப் பதிலாகத் தவத்தால் வந்த ஆற்றல் என்று மாற்றியதில் தயாரிப்பாளரின் கூர்மை தெரிகிறது. தவம் இருந்து வரம் பெறுவோரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நாட்டில் அந்த விளக்கத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை.

மற்றொரு காரணமும் உண்டு. 1987இல் தொடங்கிய 'இராமாயணம்' ஓடியபோது பெட்டிக்கு மாலை சூட்டி விளக்கேற்றிப் பார்த்தவர்கள் இந்நாட்டில் இருந்தார்கள். 1988 முதல் 1990 வரை வந்த 'மகாபாரதம்' தொடரில் பீஷ்மராக நடித்தவர் இதே முகேஷ் கன்னா. கில்விஷாக நடித்த சுரேந்திர பால் அதில் துரோணராக வந்தவர். குருச்சேத்திரத்தில் ஒரே படையில் நின்ற இருவர் இங்கே எதிரெதிரே நின்றார்கள். சக்திமானுக்கு வழிகாட்டும் மகாகுருவாக வந்தவர் டாம் ஆல்டர். முசூரியில் அமெரிக்க மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்த அவர் இந்துஸ்தானி மொழியை அத்துணை அழகாகப் பேசியவர். பெற்றோர் கைகூப்பிப் பார்த்த முகத்தைப் பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். பெட்டிக்குள் இருப்பவர் நடிகர் என்னும் எண்ணத்தை நாமே பத்தாண்டுகளாகத் தளர்த்திவிட்டிருந்தோம் என்பதை மறந்துவிடலாகாது.

கலையென்று பார்த்தால் தொடரின் குறைகள் பல. சண்டைகள் நீண்டன. படப்பிடிப்பு உத்திகள் அக்காலத்துக்கே எளியவை. கதை வாரக்கணக்கில் ஒரே இடத்தில் சுற்றியது. ஆனால் கங்காதரை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆற்றலனைத்தும் உடையவன், அதை மறைத்துக்கொண்டு பிறர் சிரிப்புக்கு ஆளாகி நிற்கிறான். நாள்தோறும் வேலைக்கு வருகிறான். அவமதிப்பைப் புன்னகையோடு ஏற்கிறான். முகேஷ் கன்னாவின் நடிப்பில் உயிர் இருப்பதும் அங்கேதான். மார்பில் பொன்வட்டம் தாங்கி நிற்கும்போது அவர் சிலைபோல் இறுகிப் போகிறார். கங்காதராகும்போது மனிதராகிவிடுகிறார். அந்தப் பாத்திரத்தின் மதிப்பைத் தொடரை எழுதியவர்களே உணர்ந்திருந்தார்களா என்பது ஐயமே. அவர்களும் அவனை வேடிக்கைக்கே பயன்படுத்தினார்கள்.

அச்சமும் எச்சரிக்கையும்

தொடர் புகழடைந்த சில காலத்திலேயே நாடெங்கும் ஒரு செய்தி பரவிற்று. சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிச் சிறுவர் சிலர் உயரத்திலிருந்து குதித்ததாகவும், தமக்குத் தாமே தீ வைத்துக்கொண்டதாகவும் செய்தித்தாள்கள் எழுதின. அவற்றுள் எவ்வளவு மெய், எவ்வளவு வதந்தி என்ற விவாதம் அன்றே இருந்தது. செய்தி கேட்ட பெற்றோர் நடுங்கினார்கள் என்பது மட்டும் உறுதி. பள்ளியில், பேருந்தில், கோவில் வாசலில் அதே பேச்சு. தொடரை நிறுத்த வேண்டும் என்றார்கள் பலர். நாமும் அவ்வாறே சொன்னோம்.

தயாரிப்பாளர் இருவகையில் விடையிறுத்தார். திரையில் நாயகனே தோன்றி, இவையெல்லாம் படப்பிடிப்பு உத்திகள், இவற்றைச் செய்து பார்க்காதீர்கள் என்ற பொருள்படச் சிறுவரை எச்சரித்தார். கதை முடிந்தபின் வரும் சிறியதொரு பகுதியில் நல்லொழுக்கம் கற்பித்தார். பல் துலக்காத பிள்ளை, பொய் சொன்ன பிள்ளை, குப்பையைத் தெருவில் எறிந்த பிள்ளை என்று ஒவ்வொருவராக வந்து சக்திமானிடம் மன்னிப்புக் கேட்பார்கள். அந்த மன்னிப்பு வாசகம் நம் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டிலும் புகுந்தது. பந்தைக் கிணற்றில் போட்டவன், "சாரி சக்திமான்" என்று சொல்லிவிட்டு ஓடுவான்.

இத்தகைய எச்சரிக்கை புதியதன்று. 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சூப்பர்மேனாக நடித்த ஜார்ஜ் ரீவ்சுக்கும், பறக்க முயலாதீர்கள் என்று சிறுவரை எச்சரிக்கும் கட்டாயம் நேர்ந்தது.

பிள்ளைகளின் சாவினால்தான் 'சக்திமான்' நிறுத்தப்பட்டது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அந்தச் செய்திகள் வந்த பின்னும் தொடர் பல ஆண்டுகள் ஓடியது. நானூறுக்கும் மேற்பட்ட பகுதிகளைக் கண்டது. தூர்தர்ஷனுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் படிப்படியாக உயர்ந்து தாங்க முடியாமல் போனதே நிறுத்தியதற்குக் காரணம் என்று முகேஷ் கன்னா பிற்காலத்தில் கூறினார். பெரியவர்களின் கூக்குரல் செய்யாததைக் கணக்குப் புத்தகம் செய்தது. ஆனால் நம் நினைவு அதனை வேறுவிதமாக வைத்திருக்கிறது. நாம் தலையிட்டோம், தீமை நின்றது என்று எண்ணிக்கொள்வது நமக்கு ஆறுதலாக இருக்கிறதுபோலும்.

நில்லாமல் போனவை

அதே காலத்தில் வந்து விரைவில் மறைந்த இரண்டு தொடர்களை இங்கே நினைத்துப் பார்ப்பது பயன்தரும். 1998இல் தூர்தர்ஷனில் தொடங்கியது 'கேப்டன் வியோம்'. இயக்கியவர் 'பவனி பவாய்', 'மிர்ச் மசாலா', 'சர்தார்' முதலிய படங்களைத் தந்த கேத்தன் மேத்தா. நாயகன் மிலிந்த் சோமன். எதிர்கால உலகில், சிறையிலிருந்து தப்பிய கொடுங்குற்றவாளிகளை விண்வெளியில் தேடிப் பிடிக்கும் வீரனின் கதை. கணினி வரைகலையிலும் ஆடையணியிலும் அது 'சக்திமானை' விடப் பல படி உயர்ந்து நின்றது. ஆயினும் நெடுநாள் நிற்கவில்லை. 2002இல் முகேஷ் கன்னாவே 'ஆர்யமான்' என்னும் விண்வெளி வீரனாக வந்தார். அதுவும் விரைவிலேயே முடிந்தது.

இந்த இருவரும் வந்து காப்பாற்றுவார்கள் என்று எந்தச் சிறுவனும் காத்திருந்ததாக நாம் கேட்டதில்லை. காரணம் எளியது. வியோமுக்கு முகவரி இல்லை. அவன் இருந்த இடம் விண்வெளி, இருந்த காலம் எதிர்காலம். நம் தெருவில் அவனுக்கு வேலை ஏதும் இல்லை. சக்திமானோ கண்ணாடி அணிந்து, பேருந்து செல்லும் தெருவில், செய்தித்தாள் அலுவலகத்தில் இருக்கிறான். எந்தக் கண்ணாடிக்காரரும் அவனாக இருக்கலாம். அந்த அண்மையே அவனை நம்பத்தக்கவனாக்கிற்று. கங்காதர் இல்லாமல் சக்திமானை யாரும் அழைத்திருக்க மாட்டார்கள்.

சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் நமக்குத் தந்த 'இரும்புக்கை மாயாவி'யையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவன் மின்சாரம் உடலில் பாய்ந்தால் மறைவான். ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சியைத் தாங்கியே மறைவான். ஆற்றலுக்கு உடல் கொடுக்கும் விலை அந்தக் கதையில் கண்முன் இருந்தது. நாமும் அவனாக ஆசைப்பட்டோம். ஆனால் அவனை உதவிக்கு அழைக்க வேண்டும் என்று தோன்றியதில்லை. நாம் அவனோடு சேர்ந்து மறைந்து திரிந்தோம். 'சக்திமான்' பார்த்த பிள்ளைக்கு வேறோர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. கதைக்குள் அவனுக்கு ஒத்த வயதினர் பெரும்பாலும் ஆபத்தில் சிக்கியவர்களாகவே வந்தார்கள்.

நம் வீட்டில் நடந்தது

இனிச் சொல்லப்போவது நம் வீட்டுச் செய்தி. 1998ஆம் ஆண்டின் கோடை விடுமுறை. நம் தம்பி மகனுக்கு அப்போது வயது ஏழு. தம்பி வளைகுடா நாட்டில் வேலையில் இருந்தான். இரண்டாண்டுக்கு ஒரு முறை விடுப்பில் வருவான். பிள்ளையும் தாயும் நம்மோடு இருந்தார்கள்.

ஒரு ஞாயிறு பிற்பகல், பக்கத்து மனையில் பாதி கட்டி நின்ற வீட்டின் மேல்தளத்து விளிம்பில் அவன் நிற்பதைப் பால் கொண்டுவந்த அம்மாள் பார்த்துக் கூவினார். ஓடிப் போனோம். கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பப்படவில்லை. கீழே செங்கல்லும் ஜல்லியும் குவிந்து கிடந்தன. அவன் அழவில்லை, ஆடவில்லை; சாலை பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பின்புறமாக ஏறி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே அருகில் சென்று, சட்டையைப் பற்றி இழுத்துவிட்டோம். இறக்கிய பிறகுதான் நம் கால்கள் நடுங்கின.

முதலில் அடித்தோம், பிறகு கேட்டோம். "ஏன்டா ஏறினே? பறக்கலாம்னு நினைச்சியா?"

"இல்ல பெரியப்பா. எனக்குப் பறக்கத் தெரியாது."

"அப்புறம்?"

"ஆபத்துன்னாத்தானே வருவாங்க."

"யாரு வருவாங்க?"

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ அப்பா வந்தாரே."

அதற்கு முந்தைய ஆண்டு மஞ்சள் காமாலை முற்றி அவனை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். தந்தி கண்டு, விடுப்புக் காலம் வருமுன்னரே தம்பி ஓடி வந்து பத்து நாள் உடனிருந்தான். பிள்ளை தேறியதும் திரும்பிப் போனான்.

அன்று மாலையே ஆண்டெனாக் கம்பியைக் கழற்றி எடுத்து வைத்தோம். அதற்கு மேல் நாம் ஒன்றும் செய்யவில்லை. பிள்ளை சொன்னதைத் தம்பிக்கு எழுதவும் இல்லை. தொலைவில் இருப்பவனை வருத்துவானேன் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். தொலைக்காட்சியின் தீமையைப் பற்றிப் பங்கு இளைஞர் கூட்டத்தில் பேசியதும் அதே மாதத்தில்தான். பேச்சு நன்றாக இருந்ததாக எல்லாரும் சொன்னார்கள்.

எலும்புக்கூட்டின் போதனை

அந்தப் பிள்ளையின் விடை ஒரு நல்ல திறனாய்வு என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது. இந்தி தெரியாத ஏழு வயதுச் சிறுவன், நாம் காணாததைத் தொடரின் கட்டமைப்பில் கண்டுவிட்டான். பாதுகாப்பாக இருக்கும் யாரும் சக்திமானைச் சந்திப்பதில்லை. அவர்களுக்குக் கிடைப்பவன் கங்காதர்தான். சக்திமானைக் காண வேண்டுமாயின் ஆபத்தில் இருக்க வேண்டும். வாரந்தோறும் கதை அதையே மெய்ப்பித்தது. அழைத்தும் அவன் வராத கதை ஒன்றேனும் வந்திருந்தால், வந்தும் காப்பாற்ற முடியாமல் அவன் அழுத கதை ஒன்றேனும் வந்திருந்தால், பிள்ளைகளின் மனத்தில் சிறியதோர் ஐயமாவது விழுந்திருக்கும். நாயகன் தோற்பதற்கும் தொடரில் இடமிருந்தது. ஆனால் இறுதியில் எல்லாம் சரியாகிவிடும் என்ற உறுதி என்றும் குலையவில்லை.

'நான் செய்வதைச் செய்யாதீர்கள்' என்ற எச்சரிக்கை, பறக்க விரும்பிய பிள்ளைக்கு விடையாகும். அழைக்க விரும்பிய பிள்ளைக்கு அதில் ஒன்றும் இல்லை. செய்திகளைத் திரும்ப எண்ணிப் பார்த்தால், அவற்றில் சொல்லப்பட்டதும் இரண்டாவது வகையே: பிள்ளைகள் பறப்பதற்காக அன்று, காப்பாற்றப்படுவதற்காகக் குதித்தார்கள் என்றே எழுதப்பட்டது. நாம் அதைப் படித்தோம், ஆனால் 'போலச் செய்தல்' என்னும் நமக்குத் தெரிந்த பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டோம். போலச் செய்வது பிள்ளையின் குற்றமாகும்; தொலைக்காட்சியின் குற்றமாகும். யாரேனும் வருகிறார்களா என்று சோதிப்பது அவ்வாறன்று. வராதவர்கள் யார் என்ற கேள்வி அதனோடு கூடவே எழும்.

மத்தேயுவும் லூக்காவும் எழுதியுள்ள சோதனைக் காட்சியை வாசகர் அறிவர். அலகை இயேசுவைக் கோவிலின் உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்திக் கீழே குதிக்கச் சொல்கிறது. வானதூதர் தாங்கிக்கொள்வர் என்று திருப்பாடலையே சான்றாகக் காட்டுகிறது. அவர் மறுத்துவிடுகிறார். மறைக்கல்வியில் இதனைக் கீழ்ப்படிதலின் பாடமாக நாம் கற்பித்து வந்தோம். அந்தப் பிள்ளையை இறக்கிய நாளுக்குப் பின் அப்பகுதி வாசிக்கப்படும் போதெல்லாம் வேறொன்று தோன்றுகிறது. தந்தை தம்மை அன்பு செய்கிறார் என்பதில் அவருக்கு ஐயமில்லை; ஆகவே குதித்துப் பார்க்கும் தேவை அவருக்கு எழவில்லை. ஐயம் உள்ளவனே விளிம்புக்குப் போகிறான். விளிம்பில் நிற்கும் பிள்ளையை அதட்டுமுன், அந்த ஐயம் எப்படி வந்தது என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம்.

தொடரின் மீது நாம் சாட்டக்கூடிய உண்மையான குறையும் இதனோடு சேர்ந்ததே. நாள்தோறும் உடனிருக்கும் கங்காதரை அது சிரிப்புக்கு உரியவனாக்கிற்று. ஆபத்தில் மட்டும் தோன்றுபவனுக்கு வியப்பையும் வணக்கத்தையும் தந்தது. இருவரும் ஒருவரே என்பதைப் பார்ப்பவர் அறிவர். அதனை வைத்து எத்துணை அழகான கதையைச் சொல்லியிருக்கலாம்! அருகிலிருக்கும் எளியவனிடமே நாம் தேடும் ஆற்றல் இருக்கிறது என்று கீதா உணரும் ஒரு கதையை நோக்கித் தொடர் முழுவதும் நகர்ந்திருக்கலாம். கையில் இருந்த அந்தக் கருவைப் பயன்படுத்தாமல், சுழற்சியையும் சண்டையையும் பெருக்கிக்கொண்டே போனார்கள்.

நம் வீடும் அதே தவற்றைச் செய்தது. நாள்தோறும் அவனைப் பள்ளிக்கு மிதிவண்டியில் கொண்டுபோய் விட்டவர்கள் நாம். காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தவள் அவன் தாய். ஆனால் வீட்டில் எப்போதும் பேசப்பட்டது வரப்போகும் அப்பாவைப் பற்றி, அவர் கொண்டுவரப்போகும் பெட்டியைப் பற்றி. தம்பியின் மேல் குறை சொல்லவில்லை. அவனுடைய உழைப்பில்தான் அந்த வீட்டின் அடுப்பு எரிந்தது. வெளிநாட்டு வருவாயில் நிமிர்ந்த எத்தனையோ குடும்பங்கள் நம் பங்குகளில் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தத் தொலைவு எப்படி விளங்கிற்று என்று நாம் கேட்டதில்லை என்பதே நம் குறை.

மீண்டும் பார்த்தபோது

ஊரடங்குக் காலத்தில், 2020 ஏப்ரலில், தூர்தர்ஷன் 'சக்திமானை' மறுபடியும் ஒளிபரப்பியது. முப்பது வயது கடந்தவர்கள் சிறுபிள்ளைகளாக மாறிப் பெட்டி முன் அமர்ந்தார்கள். பலர் சிரித்தார்கள், சிலர் கண்கலங்கினார்கள். 2019இல் வந்த 'ஹீரோ' என்னும் தமிழ்ப் படத்தில், சிறுவயதில் சக்திமானாக விரும்பியவனே நாயகன். 2022இல் 'சக்திமான்' பெருஞ்செலவில் திரைப்படமாகப் போவதாக அறிவிப்பும் வந்தது. கதை இன்னும் முடியவில்லை.

நம் தம்பி மகனும் அந்த ஏப்ரலில் அதனைப் பார்த்தான். சிறுசேரியில் அன்று சவுக்குத் தோப்பு இருந்த பக்கத்தில் எழுந்த அலுவலகம் ஒன்றில் அவனுக்கு வேலை. அலுவலகம் மூடிக் கிடந்ததால், வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அங்கிருந்தே பணி செய்துகொண்டிருந்தான். தன் நான்கு வயது மகளை அருகில் அமர்த்தித் தன் நாயகனைக் காட்டினான். அவள் சிறிது நேரம் பார்த்தாள். சுழற்சியைப் பார்த்து, "ஏம்ப்பா இவரு சுத்திக்கிட்டே இருக்காரு?" என்று கேட்டாள். கங்காதர் வந்தபோது சிரித்தாள். பிறகு பாதியில் எழுந்து, தந்தையின் முதுகில் ஏறிக்கொண்டாள். அவன் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெட்டியை நிறுத்தினான்.

மேல்தளத்தில் நின்ற நாள் அவனுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க எண்ணிக் கேளாமல் விட்டோம். அவனே சொன்னான்: "அன்னைக்கு நீங்க அடிச்சது நல்லா ஞாபகம் இருக்கு பெரியப்பா. நீங்கதான் வந்தீங்க."

'சக்திமான்' தரமான தொடரா என்று வாசகர் கேட்கலாம். சிறந்த கலைப்படைப்பு என்று அதனைச் சொல்ல மாட்டோம். நல்லதொரு கருவைக் கையில் வைத்துக்கொண்டு பாதியும் சொல்லாமல் விட்ட தொடர் அது. ஆனால் பிள்ளைகளைக் கெடுத்தது அதுதான் என்று நாம் அன்று வழங்கிய தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். இன்றைய பிள்ளைகளின் கையில் உள்ள சிறு திரைகளிலும் நாயகர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் யாரைப் பார்க்கலாம், யாரைப் பார்க்கக் கூடாது என்று பட்டியலிடுவதில் பெற்றோர் அக்கறை காட்டட்டும், அது வேண்டியதே. அதற்கு முன்னதாக, பிள்ளை யாருடைய வருகைக்காகக் காத்திருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். விடை நம் பெயராகவும் இருக்கக்கூடும்.